குறையாத பயணிகள்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் 'கோடி' என்று பட்டப்பெயர். நகரப் பேருந்துகளில் வருஷத்துக்கு எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்று மதிப்பிடுவது அவர் வேலை. கோடிக்குக் கீழே வாயே திறக்கமாட்டார். வீட்டில் அரிசி தீர்ந்துபோனதை மட்டும் நான் தொண்டை கிழியக் கத்தினால்தான் காதில் வாங்குவார்.

ஊருக்கு வெளியே போக்குவரத்து ஊழியர் குடியிருப்பில் இருக்கிறோம். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரே பஸ். என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் வலுவில்லை. பயிற்சிக்கு அந்தப் பஸ்ஸில்தான் கூட்டிப்போவேன். அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தாள். பயிற்சியை விட்டால் கால் மறுபடி இறுகிவிடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"நம்ம பஸ்ஸை நிறுத்தப்போறாங்க. ஆளே ஏறலை" என்றார் இவர் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஆளே ஏறலையா? அப்ப நான் யாருங்க, பேயா? இடமில்லாம புள்ளைய மடியில வச்சுக்கிட்டுப் போறேன்!"

"கத்தாதே. டிக்கெட் கிழிச்சா கணக்குல வரும். மாசப் பாஸ் வித்தா, ஒரு பாஸுக்கு இத்தனை பயணம்னு சேர்த்துக்குவோம். நீங்க போறது ஊழியர் குடும்பப் பாஸ்ல. அது விற்பனையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. மதிப்பீட்டுல வராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பஸ்ஸில் வருவது முழுக்க எங்கள் சனம்தான். டிரைவர் பெண்டாட்டி, கண்டக்டரின் மாமியார், மெக்கானிக்கின் பிள்ளைகள். பாஸை நீட்டிவிட்டு ராஜா வீட்டு ஆட்கள் மாதிரி உட்காருவோம். சலுகை, சலுகை என்று பூரித்துப்போனோமே, பாவிகள்!

"அதை எழுதிக் குடுங்களேன். உங்க மக போற பஸ்ஸுங்க."

"அதனாலதான் முடியாது. சொந்தக் காரியத்துக்குக் கணக்கைத் திருத்துறான்னு சொல்வாங்க. புரோமோஷன் வர்ற நேரம் வேற."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போனேன்.

பஸ் நின்றது. வேறு பஸ் பிடிக்கப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடுவரை நடந்து பார்த்தேன். வளர்கிற பிள்ளை, என் முதுகு எத்தனை நாள் தாங்கும்? பயிற்சி குறைந்தது, பிறகு நின்றே போனது.

வருஷ முடிவில் இவர் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். புரோமோஷன்.

"மேலதிகாரியே பாராட்டிட்டார். பஸ்ஸை நிறுத்தினது சரிதான்னு நிரூபணமாயிடுச்சு. இந்த வருஷ மதிப்பீட்டுல ஒரு பயணிகூடக் குறையலை" என்றார்.

அப்பாவின் குரல் கேட்டு மகள் தரையில் தவழ்ந்து வந்தாள். இவர் குனிந்து தூக்கினார்.

"சுவர்கிட்ட நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினார். அவள் சுவரைப் பிடிக்கப் பார்த்தாள். கால் மடங்கி அவர் கையிலேயே சரிந்தாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றேன். "ஒருத்தர்கூடக் குறையலையா?"