ஒரு முழச் சங்கிலி

ஆணியை அடித்து முடித்துவிட்டு முதலாளி கையைத் தட்டிக்கொண்டார். வெட்டும் மேசையின் ஓரத்திலிருந்து ஒரு முழச் சங்கிலி தொங்கியது. அதன் முனையில் கத்தரி. அந்தத் தையல் கூடத்தில் ஆறு பேரிடம் கத்தரி உண்டு. கட்டிப்போட்டது துணி வெட்டப் புதிதாகச் சேர்ந்த இவருடையதை மட்டும்.

"தப்பா நினைக்காதே தம்பி. எல்லாரோட பாதுகாப்புக்கும்தான்."

"சரிங்க."

இவர் லாரி ஓட்டியவர். வண்டி மோதி ஒருவர் இறந்துபோனதில் இரண்டு வருடம் சிறையில் இருந்தார். சேர்ந்த அன்றே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வேலை நிலைத்தால்தான் அக்கா வீட்டில் படுக்க இடம் என்பதையும் சொன்னார்.

"உள்ள இருந்து வந்தவரு, கையில கத்தரி வேற. எதிர்ல உட்கார பயமா இருக்கு" என்று முதலாளியிடம் போய்ச் சொன்னவள் நான்தான். பட்டன் தைக்கும் என் நாற்காலி இவர் மேசைக்கு நேர் எதிரே. அன்றைக்கு அது எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

"லாரிக்கு ஹேண்ட் பிரேக் போட்டாச்சுடி!" என்றாள் காலர் தைப்பவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மாஸ்டர் முதலாளியின் மச்சான். கோபம் வந்தால் அவர் கையில் இருப்பது பறக்கும். போன மாதம் இஸ்திரி போடுகிறவர் நெற்றியில் மூன்று தையல். மாஸ்டரின் கத்தரிக்கு ஆணியுமில்லை, சங்கிலியுமில்லை.

சங்கிலி எட்டும் தூரத்துக்குத் துணியை இழுத்து இழுத்து வெட்டியதில் மூன்றாம் நாள் சட்டைக் கைகள் பிசகின.

"என்னய்யா இது, கோணல்மாணலா! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"கத்தரி எட்டலைங்க மாஸ்டர்."

"எதிர்த்தா பேசுற?"

மாஸ்டர் கையிலிருந்த கத்தரி பறந்தது. இவர் குனிந்துகொண்டார். அது என் முன்கையைக் கிழித்துவிட்டுத் தரையில் விழுந்தது.

ஓடிவந்த முதலாளி முதலில் கத்தரியை எடுத்தார். முனை மழுங்கவில்லையே என்று தடவிப் பார்த்து மச்சானிடம் கொடுத்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"கோவக்காரன்க்கா, மனசுல ஒண்ணும் கிடையாது. இதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க."

"அந்தச் சங்கிலியைக் கழட்டி மாஸ்டர் கத்தரிக்குப் போடுங்க" என்றேன்.

"அட, என்னக்கா! பயமா இருக்குன்னு வந்து நின்னதே நீங்கதானே?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வேணும்னா லாரியை நாளையிலேர்ந்து வரவேணாம்னு சொல்லிடறேன். உங்களுக்கும் நிம்மதி."

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இவர் அதற்குள் தன் மேசையிலிருந்த வெள்ளைத் துணியோடு என்னிடம் வந்துவிட்டார். கத்தரி இருந்த பக்கம் பார்க்கக்கூட இல்லை. துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று கிழித்தார்.

"டேய், அது ஆர்டர் துணிடா!" என்று கத்தினார் முதலாளி.

"கையைத் தூக்கிப் பிடிங்கம்மா" என்றார் என்னிடம்.

சுற்றிச் சுற்றிக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் உதட்டோரம் ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது.