ஆகத்தம்மாள் ரொட்டி

ஆல்ப்ஸ் மலையில் பயம் என்ற நோயிலிருந்து முற்றிலும் குணமடைந்த முதல் மனிதன் நான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். சூரிச்சில் கம்பிவடப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் முங்கன்ஷ்டோக் சிகரத்துக்குப் போகும் கேபிள் காரின் வடம் எத்தனை டன் தாங்கும் என்பது எனக்கு இரண்டு தசமத் துல்லியத்தில் தெரியும். தெரிந்தவனுக்கு ஏது பயம்? எங்கள் பள்ளத்தாக்கில் மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் அவர்கள் ரொட்டியை நம்புகிறார்கள்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி, புனித ஆகத்தம்மாள் திருநாளில், காலைப் பூசை முடிந்ததும் சாமியார் ரொட்டிகளை மந்திரித்துக் கொடுப்பார். வீட்டு நிலையில் ஒரு துண்டு, மாட்டுக் கொட்டிலில் ஒரு துண்டு, அவரவர் சட்டைப் பையில் ஒரு துணுக்கு. தீயிலிருந்து காப்பதும் அதே ரொட்டிதான், பனிச்சரிவிலிருந்து காப்பதும் அதேதான். ஒரு முழு ரொட்டி மட்டும் உச்சிக்குப் போகும். அங்கே இயந்திர அறையைப் பார்த்துக்கொள்ளும் என் அப்பா மெல்க், அதைக் கதவுக்கு மேல் மாட்டுவார். அடுத்த பிப்ரவரி வரை அது அங்கேயே காய்ந்து கொண்டிருக்கும்.

இதைப் பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் எழுதினேன். 'ஒரு ரொட்டித் துணுக்கு எத்தனை டன் தாங்கும்?' என்பது தலைப்பு. மூன்று பக்கக் கணக்கு. விடை பூஜ்யம். சூரிச் சிரித்தது. க்ரெஸென்ஸ் அத்தை சிரிக்கவில்லை. அந்தக் கேபிள் கார்க் கூண்டில் இருபத்திரண்டு வருடமாகப் பயணிகளை ஏற்றி இறக்குபவள் அவள்தான்.

"நல்லாத்தான் எழுதியிருக்க மருமகனே," என்றாள். "தரையில உக்காந்து எழுதினதுன்னு நல்லாத் தெரியுது."

ரொட்டியை மேலே கொண்டுபோக வேண்டிய, தேவாலய வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை இந்த வருடம் பனியில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் வேலை வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய ரொட்டியை வாங்கிக்கொண்டு பல்சக்கர ரயிலில் ஏறினேன்.

அன்று காலை நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. ரொட்டி இன்னும் சூடாக இருந்தது. முதல் குகை தாண்டியதும் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளினேன். அறிவியல் நோக்கில் அது மாவும் உப்பும் ஈஸ்ட்டும்தான். மூன்றாவது குகை தாண்டியபோது துணிதான் மிச்சம். ரயில் முடியும் நடு நிலையத்துக் கடையில் அதே அளவில் ஓர் உருண்டை ரொட்டி வாங்கி, அதே துணியில் சுற்றிக்கொண்டேன். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று நினைத்தேன்.

கூண்டில் நாங்கள் மூன்றே பேர். அத்தை, நான், டூர்ஸ்ட் என்கிற காப்பீட்டு அதிகாரி. சமவெளிக்காரர், புத்தம் புதுப் பனிச்சறுக்குப் பலகைகளைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

"காத்து கொஞ்சம் அதிகமா இருக்கோ?" என்று அத்தையைக் கேட்டார்.

"இருக்கு. கம்பியப் பிடிச்சுக்க."

அவர் முகம் லேசாக மாறியது. எங்கள் பக்கம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மந்திரியையும் 'நீ' என்றுதான் சொல்வோம். அவருக்கு அது தெரியாது போலிருக்கிறது.

இரண்டாவது கோபுரத்தைத் தாண்டியதும் கூண்டு நின்றது. மெதுவாக நிற்கவில்லை. யாரோ கழுத்தைப் பிடித்து நிறுத்தியதுபோல் நின்று, முன்னும் பின்னும் ஆடி, பிறகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. தரை சாய்ந்தது. டூர்ஸ்ட்டின் பலகைகள் சரிந்து என் காலில் விழுந்தன. வெளியே உறைபனி மூட்டம். ஒரு முறை மூட்டம் விலகியது. கீழே, மிகக் கீழே, பனியாற்றின் நீல வெடிப்புகள் தெரிந்தன. பிறகு மூடிக்கொண்டது. தெரிந்தபோது இருந்ததைவிடத் தெரியாதபோது மோசமாக இருந்தது.

வாக்கிடாக்கியில் அப்பாவின் குரல் வந்தது. "க்ரெஸென்ஸ், நான் நிறுத்தல. தானா நின்னுருச்சு. மேல சக்கரத்துல பனி இறுகியிருக்கும். சக்கரம் வடத்து மேல சரியா உக்காந்திருக்கான்னு ஏறிப் பாத்துச் சொல்லு. பாக்காம நான் மோட்டாரப் போட்டா..."

அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார். மீதி வாக்கியம் எனக்குப் பாடத்தில் வந்திருந்தது. சக்கரம் விலகியிருந்து மோட்டாரும் ஓடினால், கூண்டு வடத்திலிருந்து கழன்றுவிடும். தெரியாதவனுக்கு ஒரே ஒரு பயம்தான். எனக்குப் பதினோரு தனித்தனிப் பயங்கள் இருந்தன, பக்க எண்ணோடு.

டூர்ஸ்ட் என் கையைப் பிடித்தார். "தம்பி, நீ இதத்தானே படிக்கிற? விழாதுல்ல?"

"வாய்ப்பு ரொம்பக் கம்மி."

"எவ்வளவு கம்மி? நான் காப்பீட்டுக்காரன். எண்ணாச் சொல்லு."

வாயைத் திறந்தேன். இரண்டு தசமத் துல்லியத்தில் தெரிந்திருந்த அந்த எண் வரவில்லை. பற்கள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம்தான் வந்தது.

அத்தை அதற்குள் இடுப்பு வாரை மாட்டி, சுத்தியலை எடுத்து, கூரைக் கதவுக்கு ஏணியைச் சாத்தியிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. கதவைத் திறந்ததும் காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே இறங்கியது.

"அத்த, போகாத," என்றேன்.

"அப்ப நீ போறியா?"

நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைவிட நேர்மையாக நான் எதையும் சொன்னதில்லை.

"சரி, அந்த ரொட்டியில ஒரு துணுக்குக் கிள்ளிக் குடு. பையில இருந்தது போன வருசத்தது. சலவையில கரைஞ்சு போச்சு."

துணியைப் பிரித்தேன். கடை ரொட்டி பளபளவென்று என்னைப் பார்த்தது. விரல் அதன் மேல் போய் நின்றுவிட்டது. எந்த ரொட்டியும் எதையும் தாங்காது. மூன்று பக்கத்தில் நானே நிரூபித்தது. ஆனாலும் இதைக் கொடுத்து அவளை மேலே அனுப்ப என் கை மறுத்தது.

கழுத்துத் துண்டை உதறினேன். மடிப்புக்குள் தேடினேன். கம்பளி நூலில் சிக்கிக்கொண்டு, பருப்பளவில், ரயிலில் தின்றபோது சிந்திய ஒரே ஒரு துணுக்கு இருந்தது.

"இவ்வளவுதானா? கஞ்சப் பயலே."

"இது போதும் அத்த."

நானே அதை அவள் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினேன். மூன்று முறை தவறிய பிறகுதான் பொத்தான் துளைக்குள் போனது. அத்தை என் கழுத்துத் துண்டை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏறிவிட்டாள்.

கூரையில் சுத்தியல் அடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு அடிக்கும் கூண்டு நடுங்கியது. ஏழாவதோடு சத்தம் நின்றது. டூர்ஸ்ட் மேலே பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கால் தொங்கியது.

பூட்ஸின் அடிப்பகுதி கண்ணாடியில் உரசியது, பிடிமானம் தேடியது, கிடைக்கவில்லை. வார் விறைத்துக் கூரையில் கிறீச்சிட்டது. அந்த வாரின் தாங்குதிறன் எனக்குத் தெரியும். அது நினைவுக்கு வரவே இல்லை. நினைவில் இருந்தது ஒரு பொத்தான் மட்டும். அதைச் சரியாகப் போட்டேனா, போடவில்லையா?

கால் மேலே போனது. பிறகு எட்டாவது அடி.

இறங்கி வந்தபோது அத்தையின் புருவம் முழுக்கப் பனி. வாக்கிடாக்கியை எடுத்தாள். "சக்கரம் சரியாத்தான் உக்காந்திருக்கு மெல்க். பனியத் தட்டிட்டேன். மெதுவா ஓட்டு. உள்ள ரெண்டு பிணம் நின்னுக்கிட்டிருக்கு."

கூண்டு நகர்ந்தது. நகர்ந்ததுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. கடைசி நானூறு மீட்டரும் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.

மேலே அப்பா ஏணி போட்டுத் தயாராக நின்றார். அத்தை துணியைப் பிரித்து ரொட்டியைத் திருப்பினாள். அடியில் கடையின் ஒட்டுச் சீட்டு. அதை உரித்து, உருட்டி, குப்பைக் கூடையில் போட்டாள்.

"இத மாட்டாத மெல்க். ஜாம் தடவிச் சாப்பிடு. நாளைக்கு வேற ரொட்டி வரும்."

"ஏன், இதுக்கு என்ன?"

"நனைஞ்சுருச்சு," என்றாள், காய்ந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

பிறகு என் பக்கம் வந்தாள். "என் முறை முடிஞ்சுது. நான் ராத்திரி மேலதான். பத்து நிமிசத்துல கூண்டு கீழ போகுது. காத்து அப்படியேதான் இருக்கு." தன் பையைத் திறந்து, பருப்பளவு இருந்ததை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தாள். "ஒங்கணக்குல இது எத்தன டன்னு?"

அதைச் சட்டையின் இடது பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். கூண்டில் ஏறும்போது, மாட்டியிருக்கிறதா என்று இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன்.