லியோனா கொடுத்த மிட்டாய்

1931 மார்ச், சனிக்கிழமை மதியம், அயோவாவில் எல்ம் க்ரீக் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்: பள்ளி வாரியத் தலைவர் ஆர்வில் டான்ஸி, விதைக்கடைக்காரர். உறுப்பினர் ஏமஸ் ரட், பன்றிப் பண்ணை வைத்திருப்பவர். இன்னொரு உறுப்பினர் ஹேட்டி க்ளைன், வாரியத்துக்கு ஓட்டில் ஜெயித்து வந்த முதல் பெண். நாலாவது ஆள், ஏழு வருடமாக அங்கே பாடம் நடத்தும் லியோனா ப்ரூவிட். ஒரு மைல் தள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கம் லாரியில் காத்திருந்த லாயிட் இந்தப் பட்டியலில் வரக்கூடாது. வந்தால் லியோனாவின் வேலை போய்விடும்.

டான்ஸி அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். அடுப்பை யாரும் பற்றவைக்கவில்லை. தினமும் அதைப் பற்றவைப்பவள் அவள்தான்.

"நேராவே கேக்கறேன், டீச்சர். உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார் டான்ஸி.

கல்யாணம் ஆன பெண் வேலையில் நீடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. காசு புரண்ட வருடங்களில் அதை யாரும் படித்ததில்லை. பக்கத்துப் பள்ளியில் ஒருத்தி பிள்ளை பெற்றுத் திரும்பி வந்து பாடம் நடத்தினாள். ஊர் பாங்க் மூடி, டான்ஸியின் தவணை ரேடியோவைக் கடைக்காரன் தூக்கிக்கொண்டு போன பிறகு, எல்லோருக்கும் அந்த வரி கண்ணில் பட ஆரம்பித்தது.

"இல்ல" என்றாள் லியோனா.

ஏமஸ் சிரித்தார். "இல்லையாமே! அப்ப போன மாசம் பக்கத்து மாவட்டத்துல பாத்திரம் தட்டினது யாருக்கு? என் அக்கா பையன் தகரத்தை அடிச்சு அடிச்சுக் கை வீங்கி வந்தான்."

புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை அங்கே சும்மா விடமாட்டார்கள். இருட்டினதும் வீட்டைச் சுற்றி நின்று பாத்திரம் தட்டுவார்கள், வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். ஜோடி வெளியே வந்து சுருட்டும் மிட்டாயும் கொடுக்கும்வரை ஓயமாட்டார்கள். வராவிட்டால் மாப்பிள்ளையைத் தூக்கிக் குதிரைத் தொட்டியில் போடுவார்கள். பிப்ரவரியில் தொட்டி முழுக்கப் பனிக்கட்டி. லாயிடுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி. லியோனா கதவைத் திறந்து மிட்டாயை நீட்டினாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்க வேண்டும். லாயிட் நனைந்தால் நனையட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

"அது வாரனோட கல்யாணம்" என்றாள். இதை வாரக்கணக்கில் தயார் செய்து வைத்திருந்தாள். "லாயிடோட தம்பி. பொண்ணு கூச்சப்பட்டுக்கிட்டு உள்ளயே இருந்தா. நான் ஒத்தாசைக்குப் போனவ. மிட்டாய்ப் பையை என் கையில திணிச்சுட்டாங்க."

ஏமஸின் சிரிப்பு நின்றது. வாரனுக்கும் அதே வாரம்தான் கல்யாணம், இது ஊருக்கே தெரியும்.

"உங்க அக்கா பையன் முழிச்சிருந்தானா, இல்ல சாராயத்துல இருந்தானா?" என்றார் டான்ஸி.

"சாராயத்துக்குத் தடை இருக்கு, ஆர்வில்."

"அவனுக்கு மட்டும் இல்லையே."

டான்ஸி முன்னால் இருந்த ஒப்பந்தக் காகிதத்தை மடிக்க ஆரம்பித்தார். லியோனா ஹேட்டியைப் பார்த்தாள். பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த 1920இல், தன் புதுக் காரில் ஊர்ப் பெண்களை நாலு நடையாக ஓட்டுச்சாவடிக்குக் கொண்டுபோனவள் ஹேட்டி. லியோனா கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு வந்தபோது, "பாடம் நடத்தறது முடியா, மூளையா?" என்று இதே அறையில் சண்டை போட்டவள். இன்றைக்கு இன்னும் வாயே திறக்கவில்லை.

இப்போது திறந்தாள். "எனக்கு நிம்மதியா இருக்கு, லியோனா. என் தங்கச்சி புருஷன், வாத்தியார் சான்றிதழ் வச்சுக்கிட்டு நாலு பிள்ளையோட தெருவுல நிக்கறான். லாயிட் டிராக்டர் பாக்டரியில கை நிறைய வாங்கறான். அவனைக் கட்டிக்கிட்டு நீயும் இங்க சம்பளம் வாங்கினா, ஒரே வீட்டுக்கு ரெண்டு வருமானம். இன்னொருத்தன் பிள்ளை வாயிலேர்ந்து பிடுங்கித் திங்கற மாதிரி இருக்கும்."

"என்ன ரெண்டு வருமானம்?" லியோனா எழுந்துவிட்டாள். பெஞ்சு சாய்ந்தது. "நவம்பர்லயே லாயிடை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆறு பேர் நாங்க, என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது! நான் யார் வாயிலேர்ந்து பிடுங்கினேன்?"

டான்ஸி காகிதத்தை மறுபடி பிரித்தார்.

சொன்னது காதில் விழுந்தபோதுதான், லாயிடோடு ஒரே வீட்டில் இருப்பதைத் தானே ஒப்புக்கொண்டுவிட்டது அவளுக்குப் புரிந்தது. இனி மறுத்தால் இன்னும் மோசம். கல்யாணம் ஆகாமல் ஒருவனோடு குடித்தனம் நடத்துகிறவளாகிவிடுவாள். அப்புறம் எந்த ஊரிலும் வேலை கிடைக்காது.

"ஓட்டுக்கு விடறேன்" என்றார் டான்ஸி.

ஏமஸ் கையைத் தூக்கினார். ஹேட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். டான்ஸிக்குத் தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நான் வாயை விடுவேன்னு தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னீங்களா?" என்று லியோனா ஹேட்டியைக் கேட்டாள்.

"சாவியைக் குடு."

கொடுத்தாள். மேஜையிலிருந்த தன் கைமணியை எடுக்கப் போனாள். அது பள்ளிக்கூடச் சொத்து என்றார் ஏமஸ். வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது. பூட்டில் சாவி முட்டிக்கொண்டு திணறும் சத்தம் கேட்டது. குளிர்காலத்தில் அந்தக் கதவு இறங்கிவிடும்.

"கைப்பிடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத் திருப்புங்க" என்றாள் லியோனா, திரும்பாமலே.

ஹேட்டி தூக்கிப் பிடித்துத் திருப்பினாள். பூட்டு விழுந்தது.