சுவிட்ச் அக்கா

கேபிள்காரர் ஏணியில் நின்றபடி அவள் வீட்டு வெளிச்சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றினார். தெரு முழுவதற்கும் போகும் இன்டர்நெட் சிக்னலுக்கு வலுவூட்டும் பெட்டி. அதற்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாதான் சொன்னார். அப்பா போனபின் அது அவள் பொறுப்பானது. பெட்டிக்குப் பின்னால் பல்லி முட்டைகள் ஒட்டியிருந்தன. பெட்டியின் சூடு பல்லிக்குப் பிடித்திருக்க வேண்டும்.

“இனிமே ஃபைபர், அக்கா. தலைமுடி மாதிரி கண்ணாடி. உள்ள வெறும் வெளிச்சம்தான் போகும். தெருவுல எங்கயும் கரண்டு வேணாம்.”

“மழை பெஞ்சா?”

“இடி விழுந்தாலும் ஓடும். நீங்க காலை நீட்டிப் படுக்கலாம்.”

அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் அவள் வீட்டு மெயின் சுவிட்ச் அடிக்கடி விழுந்துவிடும். விழுந்தால் தெருவுக்கே நெட் போய்விடும். எதிர்வீட்டு டீச்சர் பால்கனியிலிருந்தே ஆரம்பிப்பாள். “சுவிட்ச் அக்கா, ஆன்லைன் கிளாஸ் பாதியில நிக்குது. பசங்களுக்குக் கொண்டாட்டம்.” மூலைவீட்டு டிரைவர் கேட்டைத் தட்டுவான். “தெருவையே ஆஃப் பண்ணிட்டு உள்ள என்னக்கா பண்றீங்க?” அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே போய்ச் சுவிட்சை மேலே தள்ளுவாள். வந்துடுச்சு, வந்துடுச்சு என்று வீடுவீடாகக் கேட்கும். அதைக் கேட்டபிறகுதான் உள்ளே திரும்புவாள்.

தம்பி வெளியூரில் குடும்பத்தோடு இருந்தான். வாரம் தவறாமல் போன் செய்வான். தனியா எதுக்குக் கிடக்கறே, இங்க வந்துடு என்பான். நான் வந்துட்டா சுவிட்சை யாரு போடறது என்பாள். ஆமா, நீ இல்லன்னா உலகம் சுத்தாது என்று சிரிப்பான். இருவருக்கும் அந்தப் பேச்சு பழகியிருந்தது.

கேபிள்காரர் போனதும் அவளே தம்பியைக் கூப்பிட்டாள்.

“பெட்டியைக் கழட்டிட்டாங்கடா. இனிமே நான் வரலாம்.”

மறுமுனையில் டிவி சத்தம் குறைந்தது.

“வாயேன்,” என்றான். பிறகு, “பசங்களுக்கு இப்பப் பரீட்சை. முடியட்டும். நானே சொல்றேன்க்கா.”

“சரிடா. அவசரம் ஒண்ணுமில்ல. நல்லாப் படிக்கட்டும்.”

இருட்டியதும் தெருவில் வீடுவீடாக விளக்குகள் எரிந்தன. அவள் வராந்தாவுக்கு வந்து மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். இதனால் தெருவில் எதுவும் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்கியது. கேட்டருகே போய் நின்றாள். எதிர்வீட்டில் டீச்சர் யாரையோ பாராட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனாள். குரல் எங்கும் அறுபடவில்லை.

டிரைவர் வேலை முடிந்து நடந்து வந்தான். கையிலிருந்த போனில் யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவள் வீட்டு முன்னால் இருட்டில் வழி தெரியாமல் போனைக் கீழே சாய்த்தான். வெளிச்சம் சாக்கடை மூடியில் விழுந்து, கேட்டின் அடிக்கம்பிகள் வழியே நுழைந்து, அவள் பாதங்கள்மேல் ஏறி இறங்கிப் போனது.