தட்டிக்கு ஊற்றிய தண்ணீர்

வெயில் காலத்தை ரசிக்கத் தெரிய வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் புரட்டும். அதை முதன்முதலில் என் காதுபடச் சொன்னவர் நாகபூஷணம் என்கிற ஆபீசர். சொல்லும்போது அவர் வாய் நிறைய நுங்கு இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, பங்குனி மாதம். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் அதுவரைக்கும் மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. ஏப்ரல் முதல் தேதி விடிந்தால் ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருக்கும் என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். எங்கே போனால் என்ன, நமக்குக் கூழ்தானே என்று பல பேர் பேசாமல் இருந்துவிட்டார்கள். எங்களால் அப்படி இருக்க முடியவில்லை. ஏரிக்குக் கீழே கல்லும் முள்ளுமாகக் கிடந்த இரண்டு ஏக்கர் புறம்போக்கை என் நைனா கங்கையா திருத்திக் கேழ்வரகு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா, பாட்டன் எல்லோரும் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். பட்டா கேட்டு மனு போட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அளந்தாயிற்று, விசாரித்தாயிற்று, ஆட்சேபணை யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அது மார்ச் முப்பத்தொன்றுக்குள் விழாவிட்டால் காகிதக் கட்டு சித்தூருக்குப் போய்விடும். அங்கே மறுபடி முதலிலிருந்து மனு, அதுவும் தெலுங்கில். அதற்குள் அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருந்த மணியக்காரர் செங்கல்வராயன் சும்மா இருப்பாரா?

பாக்கி மனுக்களை முடித்துக் கொடுக்கத்தான் நாகபூஷணத்தை அனுப்பியிருந்தார்கள். திருப்பதியில் குடியிருக்கும் ஒரு பணக்காரரின் மாந்தோப்பு பங்களா எங்கள் ஊரில் பூட்டிக் கிடந்தது. அதில் ஒரு வாரம் கேம்ப். வாசலுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று என்று வெட்டிவேர்த் தட்டி கட்டினார்கள். அது காயாமல் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும் என்றதும், பெண்பிள்ளை என்று பாராமல் நான் முந்திக்கொண்டேன். கட்டு இருக்கும் இடத்தில் நாமும் இருப்போம் என்ற எண்ணம். கிணறு தோப்பின் கோடியில் இருந்தது. அங்கேயிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்து அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு தட்டியையும் நனைக்க வேண்டும். உள்ளே அவருக்குக் குளுகுளுவென்று காற்று. வெளியே எனக்கு உள்ளங்கால் பொசுங்கும்.

அவருக்கு ரத்தக் கொதிப்பாம். எதற்கும் அவசரப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் காலையிலேயே சாய்வு நாற்காலியில் விழுந்துவிடுவார். கால் இரண்டும் பித்தளை அண்டாவுக்குள், நான் கொண்டுவந்த தண்ணீரில் ஊறும். வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துத் தோலைத் தரையில் துப்புவார். மோரைக் குடித்துவிட்டு ஊருக்கே கேட்கும்படி ஏப்பம் விடுவார். நுங்கைக் கட்டை விரலால் நோண்டி உறிஞ்சுகிற சத்தம் கிணற்றடி வரைக்கும் வரும். தண்ணீர் மோவாயில் வழிந்து நெஞ்சு மயிரில் இறங்கும். துடைக்க மாட்டார், அது ஒரு சுகமாம். தின்று எறிந்த மட்டைகளை நான்தான் பொறுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஈ மொய்க்கும், அவர் எச்சில் பிசுபிசுக்கும். அந்தக் கையோடு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

மொத்தம் நாலு கட்டு வந்திருந்தது. மற்ற மூன்றும் வேறு ஊர்க்காரர்களுடையவை. அவர்கள் கோழியும் நெய்யுமாக வந்து இரண்டே நாளில் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. நைனா தினமும் காலையிலேயே வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நிற்பார். நிழலில் நின்றால் மரியாதை இல்லையாம்.

"என்ன கங்கையா, என்ன அவசரம்? நாளைக்குப் பார்ப்போம்" என்பார் நாகபூஷணம். "உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. நுங்கு, மோர், மர நிழல். குடுத்து வச்சவங்கய்யா நீங்க. வெயில் காலத்தை ரசிக்கத் தெரியணும். அதுக்கு நிதானம் வேணும்."

"ஆமாங்க சாமி" என்பார் நைனா.

அந்த ஆமாங்க சாமி எனக்கு நாகபூஷணத்தின் ஏப்பத்தைவிட அருவருப்பாக இருந்தது. பெற்ற அப்பனைப் பற்றி அப்படி நினைக்கிறோமே என்று என்மேலும் அருவருப்பு வந்தது.

ஆபீசர் கூடவே வந்திருந்த பியூன், டவாலி எத்திராஜ், நல்ல மாதிரி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காகிதப் பெட்டியைத் திறந்து காட்டினான். "உங்க கட்டுதான்மே, மேலயே வச்சிகீறேன். எடுத்து நீட்டனா ஒரு நிமிசம். அந்த ஆளு கைதான் நுங்க வுட்டு வரமாட்டேங்குது. நாளு தப்பிச்சின்னா அப்பால சித்தூர்ல போயி தெலுங்குல அழுதுகினு நிக்கணும்."

இருபத்தொன்பதாம் தேதி காலையில் வழக்கமாக நுங்கு வெட்டுகிறவன் வரவில்லை. நாகபூஷணம் நைனாவைப் பார்த்தார். "கங்கையா, நீ மரம் ஏறுவியாமே?"

நைனாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மரம் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. "ஏறுவேன் சாமி" என்று போனார். பாதி இறங்கும்போது பிடி நழுவி, மரத்தைக் கட்டிப் பிடித்தபடியே சறுக்கினார். செதில் செதிலான அந்த மரம் நெஞ்சுத் தோலை உரித்துவிட்டது. ரத்தம் வழிய வழியக் குலையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். நாகபூஷணம் ஒன்றை வெட்டச் சொல்லி வாயில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"முத்திப் போச்சேய்யா. இளசாப் பார்த்து வெட்டக் கூடாது?"

துப்பியது நைனாவின் காலடியில் விழுந்தது. நான் குடத்தோடு நின்றிருந்தேன். அதை அவர் தலையில் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் போய்த் தட்டியைத்தான் நனைத்தேன்.

முப்பத்தொன்றாம் தேதியும் வந்தது. நாலு மணிக்கு ஜீப் வரும், பெட்டியோடு அவர் கிளம்பிவிடுவார். மத்தியானம் சாப்பாடு ஆனதும் நைனா வாசலில் கும்பிட்டு நின்றார். நெஞ்சில் மஞ்சள் பற்று காய்ந்து வெடித்திருந்தது.

"சாமி, இன்னிக்கி தப்பினா..."

"இத்தனை வருஷம் பொறுத்தே, சித்தூர்க்காரங்க பார்க்க மாட்டாங்களா?" நாகபூஷணம் கண்ணை மூடிக்கொண்டார். "சாப்பிட்ட வயித்தோட என்னைப் படுத்தாதே. ஏ பொண்ணு, தட்டி காயுது பாரு. தண்ணி ஊத்து."

ஊத்தறேங்க என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் ஓடவில்லை. ஒரு வாரமாக அந்தச் சூட்டில் ஓடி ஓடியே போனவள், அன்றைக்கு ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்தேன். மாமர நிழல் எங்கெங்கே விழுகிறதோ அங்கெல்லாம் நின்றேன். கிணற்றடியில் தண்ணீர் சிந்திச் சிந்திச் சேறாகியிருந்தது. அதில் இரண்டு காலையும் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காற்றில் விழுந்த ஒரு மாங்காய் கிடந்தது. கல்லில் குத்திப் பிளந்து, முந்தானையில் முடிந்திருந்த உப்பைத் தொட்டுத் தின்றேன். பல் கூசியது. தலைக்கு மேலே ஏதோ ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அது அங்கேதான் கத்தியிருக்கும், நான் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அந்த மனிதர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இதைச் சொல்ல அவருக்கு வாய் இருந்தது, அனுபவிக்க எங்களுக்கு நேரம் இல்லை.

"ஏ பொண்ணு! தண்ணி எங்கே?"

"வரேங்க, நிதானமா வரேங்க!" என்று குரல் கொடுத்துவிட்டு மாங்கொட்டையைச் சப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் நைனா ஓட்டமும் நடையுமாக வந்தார். "இன்னாம்மே செல்லி, ஒக்காந்துகினு கீற? தட்டி காஞ்சி சருகாப் போச்சி. தொர கத்தறாரு. கொடத்தக் குடு, நா எடுத்தும் போறேன்."

நான் குடத்தை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். "குடுக்க மாட்டேன் நைனா. ஏழு நாளா நின்னியே, இன்னா கெடச்சிது? மாரு உரிஞ்சதுதான் மிச்சம். ஒக்காரு. கொஞ்ச நேரம் நெழல்ல ஒக்காரு."

"பட்டா போச்சின்னா?"

"இப்ப மட்டும் கையிலயா கீது?"

அவர் என்னைப் பார்த்தார், பங்களாவைப் பார்த்தார். உட்காரவும் இல்லை, குடத்தைப் பிடுங்கவும் இல்லை.

அதற்குள் நாகபூஷணமே வெளியே கிளம்பிக் கிணற்றடி வரைக்கும் வந்துவிட்டார். காய்ந்த தட்டி வழியாக உள்ளே அனல் அடித்திருக்கும். பனியன் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் மிளகாய்ப் பழம் போலச் சிவந்து, கழுத்து மடிப்பெல்லாம் வேர்வை. எத்திராஜைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். டவாலிக்கு அந்த வேலை இல்லை, ரூல் இருக்கிறது என்று அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டானாம்.

"எனக்கு மயக்கம் வருது" என்று கத்தினார். "கங்கையா! நீயாவது கொண்டு வாய்யா!"

நைனாவின் கை தானாகக் குடத்தை நோக்கி வந்தது. பாதியில் நின்றது. நெஞ்சுக் காயத்தை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, என் வயசுக்கு நான் ஒருநாளும் பார்க்காத ஒன்றைச் செய்தார். ஓர் ஆபீசர் நின்றுகொண்டிருக்கும்போதே மாமரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"மாரு எரியுது சாமி" என்றார். "நெழல்ல கொஞ்சம் ஒக்காந்துகினு, நிதானமா வரேன்."

கையெழுத்துப் போடாமல் குடம் நகராது என்பது நாகபூஷணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அப்புறம் திரும்பிப் பார்த்து, "எத்திராஜ், அந்தக் கட்டை எடுடா சனியனை!" என்றார்.

எத்திராஜ் பெட்டியோடு பின்னாலேயே வந்து தயாராகத்தான் நின்றிருந்தான். கட்டு, பேனா, முத்திரை, மைப்பெட்டி எல்லாம் ஒரே நொடியில் கிணற்றுத் திண்டு மேலே வந்தது. நாகபூஷணம் காகிதத்தைப் படிக்கவில்லை. யார் பெயர், எந்த நிலம், எவ்வளவு என்று ஒன்றும் பார்க்கவில்லை. மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை கையெழுத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. எத்திராஜ் ஊதிக் காயவைத்து, முத்திரை குத்தி, நகலை நைனாவின் கையில் கொடுத்தான்.

அவ்வளவுதான். ஒரு தும்மல் தும்முகிற நேரம். இதற்குத்தான் ஆறு வருஷம். எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவர் அதைப் போடவில்லை, அவருக்குப் புழுங்கியது என்று போட்டார். அதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஈ மொய்த்த நுங்கு மட்டையைக் கையில் எடுத்தால் வருமே, அந்தக் குமட்டல்தான் வந்தது.

"போட்டாச்சு இல்ல? இப்ப ஊத்து" என்றார்.

கிணற்றில் ஒரு குடம் நிரம்ப மொண்டேன். தூக்கிக்கொண்டு வந்தேன். நைனா அதே மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதே. ஆறு வருஷம் வெயிலில் நின்ற அந்த மொட்டைத் தலையைப் பார்த்தேன். குடத்தை அதன் மேல் கவிழ்த்தேன்.

"ஏய், காயிதம், காயிதம்!" என்று அலறியபடி நைனா வலது கையை வானத்தைப் பார்க்கத் தூக்கிக்கொண்டார். காகிதம் நனையாமல் மேலே நின்றது. கீழே தண்ணீர் தலையில் விழுந்து, உரிந்த நெஞ்சில் வழிந்து, வேட்டியையெல்லாம் நனைத்து மண்ணில் இறங்கியது. எரிந்திருக்க வேண்டும். அவர் கையை இறக்காமலே சிரித்தார். "இன்னொரு கொடம் ஊத்தும்மே" என்றார்.

ஊற்றினேன். அவசரப்படாமல், மெல்ல மெல்ல ஊற்றினேன்.

தட்டிக்கு மூன்றாவது குடம்தான் போயிற்று. அதற்குள் ஜீப் வந்துவிட்டது.