அத்தை சொல்ல வேண்டியது

அவள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் படுக்கை விரிப்பு சுருங்கியிருந்தது. நியெலெட்டி அதைக் கையால் நீவிவிட்டு நாற்காலிக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தபோது கொசுவலையின் ஒரு முடிச்சு மற்றவற்றைவிடத் தாழ்ந்து தெரிந்தது. எழுந்து அதையும் சரிசெய்தாள். மிருகங்களைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் இந்தக் காட்டு விடுதியின் ஆறாம் எண் அறையைப் பத்து வருடங்களாகப் பெருக்கித் துடைத்திருக்கிறாள். இதில் உட்கார்ந்தது இன்றுதான். உட்கார முடியவில்லை.

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த கன்யிசா வாசலிலேயே நின்று சிரித்தாள். இருவரும் ஒன்றாகத் துணி மடிக்கிறவர்கள்.

"மேடம், டீயை வெச்சுட்டுப் போகட்டுமா? இல்ல, கப்பை இன்னொரு தடவை கழுவிட்டுத்தான் குடிப்பீங்களா?"

"போடி. கண்ணாடியில வெரல் தடம் இருக்கு. யாரு தொடச்சது?"

"நேத்து நீதான் தொடச்சக்கா."

பத்து வருடம் முடித்தவர்களுக்கு ஒரு நாள் விருந்தாளியாகத் தங்கிப் பார்க்கும் சலுகை உண்டு. நியெலெட்டிக்கு அது மார்ச்சிலேயே கிடைத்திருக்க வேண்டியது. தள்ளித் தள்ளி வைத்து இந்த வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கினாள். வெளியே கல் தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் கிடக்கும் ஆசை என்று சமையலறையில் கேலி செய்தார்கள். மேலாளர் மாரிக்கே வாசனை உப்புப் பொட்டலம் ஒன்றைக்கூடக் கொடுத்தாள். நியெலெட்டி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை, வண்டி ஓட்டும் ஃபுமானியைத் தவிர.

நாளைக் காலை ருலானியைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்காகத் தர வேண்டிய மாடுகளைப் பேசி முடிக்க வருகிறார்கள். ருலானி, செத்துப்போன அண்ணனின் இளைய மகள். பெண் வீட்டை விட்டுப் போகிறாள் என்ற செய்தியை முதலில் கேட்க வேண்டியவர்கள் மண்ணுக்குள் இருப்பவர்கள். அதைச் சொல்ல வேண்டியவள் அத்தையான இவள். அத்தை சொன்னால்தான் செல்லும். மூத்தவளை அப்படிச் சொல்லாமலேயே கட்டிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் மாதம் பிள்ளையை இழந்து வெறும் வயிற்றோடு திரும்பி வந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து அவள் அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

அப்பாவும் தாத்தாவும் புதைந்து கிடப்பது இந்தச் சரணாலயத்தின் வேலிக்குள். பழைய ஊரின் மாட்டுத் தொழுவம் இருந்த மேட்டில், மருலா மரத்தடியில் ஐந்து சமாதிக் கற்குவியல்கள். பார்க்கப் போவதற்கு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், துப்பாக்கியோடு ஓர் ஆள் வர வேண்டும். இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். முதல் முறை ஆள் இல்லை. இரண்டாம் முறை, வேட்டைத் திருடர்களுக்குப் பயந்து காண்டாமிருகங்களுக்குக் கொம்பு அறுக்கும் வாரம் என்று யாரையுமே உள்ளே விடவில்லை. தினமும் அந்த மேட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில் நின்று தலையணை உறை மாற்றுகிறவளுக்கு அங்கே போக வழியில்லை. விருந்தாளிக்கு உண்டு. மிருகங்களைக் காட்டக் கூட்டிப்போகும் மாலைச் சவாரியின் நடுவே இறங்கி ஏதாவது குடிக்க ஓரிடத்தில் நிறுத்துவார்கள். எங்கே நிறுத்துவது என்பது ஃபுமானியின் விருப்பம்.

நாலு மணிக்கு வண்டி கிளம்பியது. முன் வரிசையில் ஒரு ஜெர்மன் தம்பதி. பின்னால் உயரமான இருக்கையில் நியெலெட்டி மட்டும்.

"சௌகரியமா உட்கார்ந்தாச்சா, மகாராணி?" ஃபுமானி தங்கள் மொழியில் கேட்டான். "கம்பளி வேணுமா? குடை புடிக்கட்டுமா?"

"ரோட்டைப் பாத்து ஓட்டு. மேட்டுக்குப் போவியா மாட்டியா?"

"போறேன்க்கா. வழியில ஒரு யானையாவது காட்டணும். இல்லேன்னா இவங்க என்னைத் தின்னுடுவாங்க."

யானை கிடைத்தது. அந்த அம்மாள் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். நியெலெட்டி சூரியனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மடியில் வைத்த கை நிற்கவில்லை, பாவாடை மடிப்பைப் பிரித்துப் பிரித்து மடித்தது. பிறகு ஒரு வரிக்குதிரைக் கூட்டம். பிறகு ஏதோ ஒரு பறவைக்காகப் பத்து நிமிடம். மேட்டுப் பாதையில் திரும்பும்போது வெயில் புல்லின் நுனிக்கு வந்துவிட்டது.

ஃபுமானி வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை.

மருலா மரத்தடியில், கற்குவியல்களின் மேலும் இடையிலும், ஐந்து சிங்கங்கள் படுத்திருந்தன. பகல் முழுக்கச் சூடு வாங்கிய கல் என்பதால் ஒன்று வயிற்றை அதில் ஒட்டிக் கிடந்தது. ஜெர்மன்காரர் மூச்சை இழுத்துக்கொண்டு ஃபுமானியின் தோளைத் தட்டினார். சிங்கத்தைக் கண்டால் மற்ற வண்டிகளுக்கு வானொலியில் சொல்லித்தான் ஆக வேண்டும், அவன் சொன்னான். உடனே இன்னொரு வண்டி, பத்து நிமிடத்தில் வருகிறேன், இடம் விடு என்றது.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி வரலாமாக்கா?" என்றான் திரும்பாமல்.

"விடியறப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எங்க வீட்டு வாசல்ல நிப்பாங்க."

"அப்போ இங்கயிருந்தே சொல்லு. மெதுவா. எழுந்து மட்டும் நிக்காத. உக்காந்திருக்கிறவரைக்கும் வண்டியும் நாமளும் அதுங்களுக்கு ஒரே உருவம். ஒருத்தர் எழுந்தாலும் அது ஒடஞ்சிடும்."

மனசுக்குள் சொன்னால் ஆகாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பெரியவரிலிருந்து வரிசையாகப் பெயர் சொல்லி எழுப்ப வேண்டும், ஒரு பெயர் விட்டுப்போனாலும் அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் பெரியவர்களுக்குப் படைக்கக் கொண்டுவந்த மூக்குப்பொடியைக் கிள்ளி வண்டிக்கு வெளியே சக்கரத்தடியில் தூவினாள். உள்ளங்கைகளைக் குழித்து ஓசை வராமல் தட்டினாள். தாத்தாவின் தாத்தாவிடமிருந்து தொடங்கினாள்.

ஜெர்மன் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "அவங்க பயப்படறாங்களா?"

"ஜெபம் பண்றாங்க," என்றான் ஃபுமானி.

"பாவம். நாம வேணா போயிடலாமா?"

"இல்லம்மா. இருங்க."

பெயர்கள் அவளுக்குத் தடையில்லாமல் வந்தன. பின்னால் வண்டியின் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அப்பாவின் பெயருக்கு வந்திருந்தாள். வானொலி கரகரத்தது. நேரம் முடிந்தது, ஃபுமானி, வெளிச்சம் போகுது, எங்க ஆளுங்க காத்திருக்காங்க. அவன் கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தான். பிறகு சாவியைத் திருகினான்.

"முடிஞ்சுதாக்கா?"

முடியவில்லை. பெயர்கள்தான் முடிந்தன. அத்தனை பேரையும் தூக்கத்திலிருந்து எழுப்பியாகிவிட்டது. எல்லாரும் எழுந்து உட்கார்ந்து என்ன விஷயம் என்று கேட்கிறார்கள். சொல்லாமல் போவதைவிட எழுப்பாமலே இருந்திருக்கலாம். எஞ்சின் உறுமியது. தொண்டைக்குள் அவள் சொன்ன ருலானியின் பெயர் அவள் காதுக்கே கேட்கவில்லை. வண்டி பின்வாங்கத் தொடங்கியது.

நியெலெட்டி எழுந்து நின்றாள்.

"அக்கா!" ஃபுமானியின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. வண்டி குலுங்கி நின்று, எஞ்சின் அணைந்தது. ஜெர்மன் அம்மாள் எட்டி அவளுடைய பாவாடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை.

கற்களின் மேலிருந்து ஐந்து தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்தன. முகவாயில் மண் ஒட்டியிருந்த கிழட்டுப் பெண் சிங்கம் முன்கால்களை ஊன்றி, கல்லை விட்டு இறங்காமல், அவளையே பார்த்தது. காற்று நின்றிருந்தது. அந்த முகங்களை நோக்கி நியெலெட்டி, வீட்டில் பெரியவர்களிடம் பேசும் குரலில், பெண்ணின் பெயரைச் சொன்னாள். பிறகு மாப்பிள்ளையின் ஊரைச் சொன்னாள்.