டெல்ஃபினா வீட்டுக் கூரைக்கு என்ன விலை

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலைவன ஊரான டூசானில் எங்கள் தெருமுனை ஹார்டுவேர் கடையில், கூரைக்கு அடிக்கும் வெள்ளைப் பூச்சு வாளிகளுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண்மணி கடைக்காரரிடம் கேட்டாள்: "எனக்குப் பூச்சு வேணாம். வாங்கின கூரையத் திருப்பிக் குடுக்கணும். அதுக்கு எந்த கவுண்டர்?" கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

முதல் வரியே மக்கர் செய்தது.

[பாலைவனத்தின் மேல் சூரியன் ஒரு]

வேண்டாம். சூரியனை வைத்துத் தொடங்கும் கதையை இந்த ஊரில் யாரும் படிக்க மாட்டார்கள். வெளியே தலையை நீட்டினால் போதுமே.

[டெல்ஃபினா ரொம்ப நல்லவள்.]

இதுவும் வேண்டாம். நல்லவள் என்று சொன்னதுமே, சரிதான், ஏமாறப்போகிறாள் என்று நீங்கள் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

[ஜூன் மாதத்தில் கூரை ஒழுகியது.]

இது இருக்கட்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வரியிலேயே ஏதோ இடிக்கும். உங்களுக்கு இடிக்கவில்லையென்றால் வெட்கப்பட வேண்டாம். டெல்ஃபினாவுக்கும் இடிக்கவில்லை, கோளாறே அங்கேதான்.

2

டெல்ஃபினா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அறுபதைத் தாண்டியவள். விடிவதற்கு முன்னால் எழுந்து, காபியை நின்றபடியே குடித்துவிட்டு, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போவாள். இந்தக் கோடையோடு வேலையை விட்டுவிடுவதாக இருந்தாள். வீட்டுக் கடன் அடைந்துவிட்டது. இனி விடிந்த பிறகுதான் எழுந்திருப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

மண்செங்கல் சுவர், தட்டைக் கூரை, கூரை மேல் தண்ணீரில் ஓடும் பெரிய ஏர் கூலர். தம்பி லாலோ ஒவ்வொரு மே மாதமும் மேலே ஏறி, கூலருக்குப் புது நார் மாற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டு, கீழே இறங்கி பீன்ஸும் டொர்டியா ரொட்டியும் வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போவான். காசு வாங்க மாட்டான். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது டெல்ஃபினாதான்.

ஜூன் நடுவில் படுக்கையறை உள்கூரையில் காபி கொட்டியதுபோல் ஒரு கறை தெரிந்தது. லாலோவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தான். மறுநாள் ஒரு கூரைக் கம்பெனி ஆளைக் கூட்டிவந்தான்.

அந்த ஆளின் பெயர் கோல்பி. சின்ன வயது, விளம்பரப் பல். கூரை மேல் காலே வைக்கவில்லை. முற்றத்தில் நின்று ட்ரோனைப் பறக்கவிட்டு, திரையில் சில வெடிப்புகளைக் காட்டி, மொத்தமும் போச்சு மேடம் என்றான். சான் ஹுவான் நாளுக்குள் மாற்றாவிட்டால் முதல் மழையில் கூரை கட்டில் மேல்தான் விழும் என்றான்.

(சான் ஹுவான் நாள் ஜூன் இருபத்து நான்கு. அன்றைக்கு மழை தொடங்கும் என்பது இங்கே கணக்கு. இந்தக் கணக்கு மழைக்குத் தெரியாது. கூரை விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.)

இருபத்தோராயிரம் டாலர். கையில் இல்லாவிட்டால் கவலையில்லை, வீட்டின் மேல் கடனாக எழுதிக்கொள்ளலாம். வாழ்நாள் உத்தரவாதம். யாருடைய வாழ்நாள் என்று டெல்ஃபினா கேட்டதற்கு, உங்களுடையதுதான் என்று குழைந்தான்.

"போடுக்கா," என்றான் லாலோ. "வாழ்க்கை பூரா உழைச்ச. தலைக்கு மேல ஒரு நல்ல கூரைகூட வேணாமா?"

கையெழுத்துப் போட்டாள்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பிடிக்காதவர்கள் தாவிப் போகலாம். தாவுகிறவர்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

தட்டைக் கூரை மாற்ற ஏன் அவ்வளவு ஆகிறது? பழையதைப் பிய்க்க வேண்டும். பிய்த்ததைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் காசு. பிறகு பலகையைச் சரிபார்த்து, தண்ணீர் புகாத ரசாயன நுரையைத் தெளித்து, அது இறுகியதும் மேலே வெள்ளைப் பூச்சு. வெயில் ஏறிவிட்டால் மேலே நிற்க முடியாது என்பதால் வேலையாட்கள் இருட்டோடு வந்து முற்பகலிலேயே இறங்கிவிடுவார்கள். அவர்கள் கூலியில் ஒரு காசைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். என் வயிற்றெரிச்சல் வேறு. அந்த இருபத்தோராயிரத்தில் கூரைக்கு எவ்வளவு, பயத்துக்கு எவ்வளவு? வானம் வருடத்தில் பாதி நாள் எங்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் மழையைக் காட்டி மிரட்டிப் பிழைக்கிறார்கள். நாங்களும் மிரண்டு போய் வாங்குகிறோம். எனக்கு எங்கள்மேலும்தான் எரிச்சல்.

கம்பெனியின் பெயரைப் போட்டுவிடலாமா என்று கை துடிக்கிறது. [அந்தக் கம்பெனியின்] இல்லை, வேண்டாம். வக்கீலுக்குத் தண்டம் அழ என்னிடம் பணமில்லை. அதோடு, அப்படியொரு கம்பெனியே கிடையாது, நான்தான் கிளப்பிவிட்டேன்.

4

பழைய கூரையைப் பிய்த்த அன்று டெல்ஃபினா மேலே ஏறிப் பார்த்தாள். பலகை முழுக்கக் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. கூலர் இருந்த இடத்தில் மட்டும், ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு, கறுத்து ஊறிப் போயிருந்தது. விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

மார்ச்சுக்குப் பிறகு ஒரு துளி மழையில்லை. அப்போதுதான் அவளுக்கு இடித்தது.

கூலரிலிருந்து உப்பேறிய தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நார் முழுக்கச் சுண்ணாம்பு பூத்துவிடும். அதற்கென்று ஒரு குழாயை மாட்டி, சுவரோரம் கீழே இறக்கி, ஏதாவது ஒரு மரத்துக்கு விடுவது தெருவில் எல்லோரும் செய்வது. டெல்ஃபினா வீட்டில் அது மாதுளைக்குப் போகும். மாதுளை போன வருடத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. பூச்சி விழுந்துவிட்டதென்று மருந்தடித்தாள். இப்போது மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் சுவரோரம் குழாயே இல்லை. அத்தனை தண்ணீரும் கூரையிலேயே வடிந்திருக்கிறது.

குழாய் எங்கே என்று அவளுக்குத் தெரியும். வண்டி கழுவ ஒரு நாளைக்கு வேணும் என்று போன கோடையில் லாலோ கழற்றிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாசலில் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறாள்.

அந்த மூலைக்கு மட்டும் ஒட்டுப் போட ஆயிரம் டாலர்கூட ஆகியிருக்காது. ஒப்பந்தத்தை ரத்து செய்யும் கெடு முடிந்துவிட்டது. பிய்த்த கூரையைத் திரும்ப ஒட்டச் சொல்லவும் முடியாது. கடன் அடைய இன்னும் ஏழு வருடம் அவள் பேருந்து ஓட்ட வேண்டும்.

கீழே இறங்கியபோது கோல்பி வாசலில் நின்றான். அவனுக்கு ஒளிவுமறைவே கிடையாது. "உங்க தம்பிக்கு நாங்க அனுப்பின ஐநூறு வந்துச்சா மேடம்?" என்று சந்தோஷமாகக் கேட்டான். ஆள் பிடித்துத் தந்தால் அவர்கள் கொடுப்பதாம்.

5

லாலோவை எனக்கு எழுத வரவில்லை.

முதல் பிரதியில் அவனைத் திருடனாக்கினேன். எழுதி முடித்ததும் பார்த்தால், அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் ஓடிவந்த தம்பி எங்கேயோ காணாமல் போயிருந்தான். இரண்டாவது பிரதியில் ஒன்றும் தெரியாத மக்காக்கினேன். அதுவும் ஒட்டவில்லை. இத்தனை வருடம் கூலர்களோடு மல்லுக்கட்டியவனுக்கு, கூலருக்கு நேர் கீழே, மழையில்லாத ஜூனில் வந்த கறை என்னவென்று தெரியாதா? அண்ணாந்து பார்த்தானே, அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நினைத்தான்? அவனைப் படைத்தவன் நான். எனக்கே சொல்ல மாட்டேன் என்கிறான்.

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். அவள் மன்னித்துவிடுவதாக ஒன்று. கிழித்துப் போட்டேன். வழக்குப் போடுவதாக ஒன்று. அது தீர்ப்பாவதற்குள் கோல்பி வேறு ஊரில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வேறு கூரை விற்பான். முதல் மழையில் புதுக் கூரையும் ஒழுகுவதாக ஒன்று. நீங்கள் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் அது பொய். அந்தக் கூரை ஒழுகாது. வேலை சுத்தமான வேலை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

6

கூரை முடிந்தது. கூலரை மறுபடி இணைக்க லாலோ நடுப்பகலில் வந்தான். தோளில் அந்தப் பழைய குழாய் சுருட்டிக் கிடந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டெல்ஃபினாவும் அதுவரை அவனிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. குழாய் விஷயத்தை வேலையாட்கள் யாராவது அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். மேலே ஏறி, குழாயை மாட்டி, சுவரோரம் இறக்கி, மாதுளை வரை விட்டான். அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகு ஏணியை எடுத்துத் தரையில் படுக்கப் போட்டாள்.

"அக்கா, ஏணி எங்க?"

"கீழ கெடக்கு."

"வெளையாடாத. உள்ளங்கால் பொசுங்குது. கண்ணு கூசுது."

"அந்தக் கறையப் பாத்தியே லாலோ. அப்பவே உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். புதுப் பூச்சின் வெள்ளையில் அவள் கண்ணுக்கு அவன் சரியாகத் தெரியவில்லை.

"அந்த ஐநூற உனக்குத்தான் வெச்சிருந்தேன்," என்றான்.

"அதையா நான் கேட்டேன்?"

"தெரியும்னா ஏணிய வெப்பியா, தெரியாதுன்னா வெப்பியா? சொல்லு. அதையே சொல்லிடறேன்."

அவள் தரையில் கிடந்த ஏணியைப் பார்த்தாள்.

நான் இந்த இடத்தில் இரண்டு வாரமாக நிற்கிறேன். [தெரியும் என்றான் லா] என்று எழுதினால் அவளுக்குத் தம்பி இல்லை. [தெரியாதுக்கா, சத்தியமா] என்று எழுதினால் அவளுக்குக் கோபப்பட ஆளில்லை. எதை எழுதினாலும் பேருந்து ஏழு வருடம் ஓடத்தான் போகிறது. அவள் வாயில் இனி ஒரு வார்த்தை வைக்க மாட்டேன். அவள் நிற்கிறாள். அவன் மேலே கால் மாற்றி மாற்றி நிற்கிறான். நூற்றுப் பத்து டிகிரி, கூரை மேல் ஒரு கை அகல நிழல்கூட இல்லை.

அவன் சொல்வதை நம்பலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எழுதி முடித்துவிட்டேன். ஏணி சுவரோரம் கிடக்கிறது. வைக்க வேண்டுமென்று தோன்றினால் நீங்கள் போய்த் தூக்கி வையுங்கள். அலுமினிய ஏணி, ரொம்ப நேரமாக வெயிலில் கிடக்கிறது. கை சுடும்.